குடியிருப்போர் நலச்சங்கம் – 2024-25 ஆண்டறிக்கை (செயலாளர் வாசிச்சது)

எல்லாருக்கும் வணக்கம். பொதுக்குழுவுக்கு வந்தது 19 பேர், அதுலயும் நாலு பேர் கேசரி வர்ற வரைக்கும்தான் இருந்தாங்க. சங்கத்துல மொத்தம் 84 வீடு. வராதவங்களும் படிக்கட்டும்னுதான் முழுசா டைப் பண்ணி குரூப்ல போடுறேன்.

சுதந்திர தினம், குடியரசு தினம் கொடி ஏத்தியாச்சு. பொங்கலுக்கு கோலப்போட்டி நடந்துச்சு. மூணாவது தெருவுல ரெண்டு லைட் எரியுது, ஒண்ணு எரியல. வடிகால் மனு குடுத்தாச்சு, ரசீது என்கிட்ட இருக்கு.

இப்ப ஆடி மாச விஷயத்துக்கு வரேன், ஏன்னா பாதி பேர் சந்தா குடுக்காததுக்கு அதத்தான் காரணம் சொல்றீங்க. நம்ம புத்து கோயில் வாசல்ல வருஷா வருஷம் ஆடி வெள்ளிக்கு பாம்பாட்டி ஒருத்தர் கூடையோட வந்து உக்காருவாரு, இருபது ரூபா குடுத்தா நல்ல பாம்புக்கு பால் காட்டலாம், படத்துல மஞ்சள் குங்குமம் வைக்கலாம், ஐம்பது குடுத்தா கழுத்துல போட்டு போட்டோ. மூணாவது வெள்ளி நான் வனத்துறைக்கு போன் பண்ணேன். ஆமா, நான்தான், யார் பண்ணாங்கன்னு இன்னும் விசாரிச்சிட்டு இருக்க வேணாம்.

வந்த ஊழியர் பாம்போட வாய ஒரு குச்சியால மெதுவா திறந்து காமிச்சாரு. பல்லு இருக்க வேண்டிய இடத்துல சதை வீங்கி, பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளையா சீழ். வாய் ஓரத்துல ரெண்டு தையல், நம்ம கோணி மூட்ட தைக்கிற மாதிரி. வாய இப்படி வெச்சுக்கிட்டு பால் எப்படி குடிச்சுதுன்னு கேட்டேன், நாள் கணக்கா தண்ணி காட்டாம வெச்சிருந்தா எதக் குடுத்தாலும் குடிக்கும் சார்னாரு. பால் அதுக்கு செரிக்கவே செரிக்காதாம். கண்ணுக்கு இமையும் கிடையாது, நாம படத்துல அப்புற குங்குமம் கண்ணு மேலயும்தான் விழுது. மகுடிக்கு ஆடுதுன்னு சின்ன வயசுலருந்து நம்பிட்டு இருந்தேன், அதுக்கு வெளிக்காதே இல்ல, மகுடி அசையுற பக்கம் திரும்புது, அவ்ளோதான்.

போன வருஷம் என் பேத்தி கழுத்துல அதே மாதிரி ஒரு பாம்ப போட்டு ஐம்பது ரூபா குடுத்து போட்டோ எடுத்தவன் நான். அந்த போட்டோ இந்த குரூப்லயே இருக்கு, நீங்க எடுத்துக் காட்டுறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன்.

பத்து நாள் கழிச்சு போன் பண்ணி கேட்டேன், பாம்பு செத்துப்போச்சுன்னாங்க. சாமி குத்தம் செயலாளருக்குத்தான்னு ஒருத்தர் வாய்ஸ் மெசேஜே போட்டாரு. பல்லப் புடுங்கினது நான் இல்லீங்க.

பாரம்பரியத்துல கை வைக்கலாமான்னு கேட்டவங்களுக்கு: 1972 வனவிலங்கு சட்டம், 2022 திருத்தத்துல நல்ல பாம்பு முதல் அட்டவணைக்கு வந்தாச்சு, புலியும் யானையும் இருக்குற அதே பட்டியல், மாட்டினா மூணு வருஷத்துலருந்து ஏழு வருஷம் ஜெயில். மகாராஷ்டிராவுல சாங்லி பக்கம் பத்தீஸ் ஷிராளான்னு ஊரு, நாகபஞ்சமிக்கு உயிர்ப் பாம்ப பிடிச்சு ஊர்வலம் விட்ட ஊரு, ஐகோர்ட் தடை போட்டதும் படத்தையும் பொம்மையையும் வெச்சு கும்பிட்டாங்க, பண்டிகை நின்னு போகல. ஆனா பாம்பாட்டி கெளம்பும்போது ஒண்ணு சொன்னாரு, "நீங்க காசு போடுறத நிறுத்துனா நான் ஏன் சார் வரப்போறேன்". அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

பாம்ப வேற மாதிரியும் கையாளலாம்னு காட்டத்தான் மகாபலிபுரம் ரோட்டுல வடநெம்மேலிக்கு வேன் ஏற்பாடு பண்ணேன், 22 சீட், வந்தது ஏழு பேர். 1978ல ஆரம்பிச்ச இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம், அங்க பாம்புக்கடி மருந்துக்காக விஷம் எடுக்குறத நேர்ல பார்த்தோம், மூடி கட்டின கண்ணாடி குடுவைய பாம்பு கடிக்குது, ரெண்டு சொட்டு மஞ்சளா இறங்குது. சில வாரம் வெச்சிருந்துட்டு வயித்துச் செதில்ல அடையாளம் வெச்சு காட்டுல விட்டுடுறாங்க. இருளர் பாம்பு பிடிக்கிறவங்க ரெண்டு பேருக்கு 2023ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. "அதுவும் பாம்ப பிடிச்சு அடைக்கிறதுதானே"ன்னு வேன்ல ஒரு அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்விதான். அதுல வர்ற மருந்து வயல்ல கடிபட்டவனுக்குப் போகுது, போட்டோவால யாருக்கு என்ன கெடைச்சுதுன்னு மட்டும் கேட்டேன், அவங்க ஒத்துக்கிட்ட மாதிரி தெரியல.

வரவு செலவு: பொருளாளர் சரிபார்த்துட்டு இருக்காரு, பெருசா வித்தியாசம் இல்ல. வேன் வாடகை சங்கக் கணக்குலதான் இருக்கு, அதுல மறைக்க ஒண்ணும் இல்ல. சந்தா வருஷத்துக்கு 600, கட்டினது 37 வீடு. மீதி 47 வீட்டுல ரெண்டு வீடு கமிட்டி உறுப்பினர் வீடு, பேர் சொல்லல.

தலைவர், பொருளாளர், கேசரி செஞ்சு குடுத்த மகளிர் குழு, மைக் செட் தம்பி எல்லாருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் செயலாளர் பொறுப்புக்கு வேற யாராவது வந்தா சந்தோஷமா சாவிய குடுத்துடுறேன், கேட்டப்ப யாரும் கை தூக்கல. இந்த ஆடிக்கு புத்துக்குள்ள பால், முட்டை ஊத்தாம, ஐந்து தலை பித்தளை நாகம் ஒண்ணு வெச்சு அதுக்கு அபிஷேகம் பண்ணலாம்னு பூசாரிகிட்ட பேசி வெச்சிருக்கேன், அவரும் சரின்னாரு, போன வருஷ முட்டை நாத்தம் அவருக்குத்தான் தெரியும். நாகத்துக்கு அட்வான்ஸ் என் கைக்காசுல குடுத்தாச்சு. ஆடி பொறக்குறதுக்குள்ள மீதிய கட்டணும். ஜிபே நம்பர் பழசேதான், மாத்தல.