டிரம்மின் வார்னிஷ் மேல் ஒட்டிய ரேப் (wrap) நிற்காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது கன்னியாகுமரி மாவட்டத்து ஆலயங்கள் பலவற்றில் பழைய டிரம் செட்டுகளைப் புதுப்பிக்கும் வேலை மும்முரமாகிவிடும். மரச்சாயம் ஏற்றி லாக்கர் (வார்னிஷ் போன்ற பளபளப்புப் பூச்சு) அடித்த ஷெல்கள் (டிரம்மின் மர உடல்கள்) கீறலும் மங்கலுமாகிவிட்டால், அவற்றின் மேல் ரேப் (wrap) என்னும் பளபளக்கும் மேலுறையை ஒட்டிவிடலாம் என்று பாடகர் குழுவினர் நினைப்பது நியாயமே. ஆனால், நான் பார்த்தவரை இந்த வேலை பெரும்பாலும் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடைகளுக்குத்தான் போகிறது. அங்கே லாக்கரைத் தொடாமல் அதன் மேலேயே தாளைச் சுற்றிக் கொடுத்துவிடுகிறார்கள்; அடுத்த மழைக்காலத்தில் அது இரு முனைகளும் சேரும் இணைப்பில் வாய் பிளக்கிறது.

டிரம் ரேப் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் தகடு. அதை 10 அங்குல டாமின் (செட்டிலுள்ள சிறிய டிரம்) வளைவில் சுற்றும்போது, மறுபடி நிமிர்ந்துகொள்ளப் பார்க்கும் அதன் விசை முழுவதையும் இணைப்பில் உள்ள பசைதான் தாங்கியாக வேண்டும். அந்தப் பசை லாக்கரைப் பிடித்திருந்தால், லாக்கர் மரத்தைப் பிடித்திருக்கும் வரைதான் ரேப் நிற்கும். ஆகவே முதலில் ஷெல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். அது உள்ளே இறங்கினால் சாயம் மட்டுமே இருக்கிறது என்று கொள்ளலாம். முத்தாக நின்றால் மேலே லாக்கரோ எண்ணெயோ மெழுகோ இருக்கிறது. எண்ணெயையும் மெழுகையும் தின்னரால் துடைத்தெடுத்த பிறகே உப்புத்தாளைக் கையில் எடுக்க வேண்டும். 150ஆம் எண் உப்புத்தாளால் தேய்க்கும்போது சாயத்தின் நிறம் போக வேண்டியதில்லை, பளபளப்பு போனால் போதும். பெயர்ந்துவரும் லாக்கரை மட்டும் மரம் தெரியும்வரை எடுத்துவிட வேண்டும்.

இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. ரப்பர் பசையை இரு பக்கமும் தடவிக் காய விடும்போது, காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் பசையின் மேல் பனி போல் நீர் படிந்து பிடிமானத்தைக் கெடுத்துவிடும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். மழை நாளில் ஒட்டாமலிருப்பதே நல்லது.

அடுத்தது அளவு. ரேப் சுற்றியதும் ஷெல்லின் விட்டம் ஒரு மில்லிமீட்டர் கூடிவிடுகிறது; ஓர் அங்குலம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இணைப்பிலோ கனம் இரட்டிப்பாகிறது. ஹெட்டின் (குச்சியால் அடிக்கும் மேல்தோல்) வளையம் அங்கே இறுகிக்கொண்டால் டிரம் சீராகச் சுருதி பிடிக்காது. ரேப் ஒட்டியதால் ஒலி செத்துவிட்டது என்று சிலர் சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்த இறுக்கமோ, மாற்றாமல் விட்ட பழைய ஹெட்டோதான் இருக்கும். பசை தடவுவதற்கு முன்பே ரேப்பை வெறுமனே சுற்றி, ஹெட்டை மாட்டி, அது தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இறுகினால், வளையம் இறங்கி உட்காரும் இடத்துக்குக் கீழேயே ரேப்பை முடித்துக்கொள்ளலாம். 22 அங்குல பாஸ் டிரம்முக்கு இணைப்பையும் சேர்த்து ஏறத்தாழ 70 அங்குல நீளம் தேவை. இணைப்பு தரையை நோக்கி இருக்கட்டும். ஸ்னேரில் (அடித்தோலில் கம்பிகள் பொருத்திய டிரம்), கம்பிகள் செல்லும் பள்ளத்தின் மேல் இணைப்பு வரக் கூடாது.

மேப்பிள், பிர்ச் மரத்தின் ரேகைகள் அழகாகத் தெரியும் ஷெல்லாக இருந்து, மேல் லாக்கரில் மட்டும் கீறல் விழுந்திருந்தால், தயவுசெய்து அதை மூடிவிடாதீர்கள். முழுவதும் பசையிட்டு ஒட்டிய ரேப்பைப் பின்னால் உரித்தால் மரத்தின் மேலடுக்கும் சேர்ந்து வரக்கூடும். அத்தகைய ஷெல்லுக்கு மறுபடி லாக்கர் அடிப்பதே முறை.

சமையலறை அலமாரிகளுக்கு மைக்கா ஒட்டும் தச்சர்கள் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ரப்பர் பசை எப்போது கைக்கு ஒட்டாத பதத்துக்கு வரும் என்பதும், ஒருமுறை தொட்டுவிட்டால் நகர்த்த முடியாது என்பதும் அவர்களுக்குப் பழகிப்போன விஷயம். ஆலயப் பொறுப்பாளர்கள் இந்த வேலையை அவர்களிடம் கொடுத்து, லக்குகளை (ஹெட்டை இறுக்கும் திருகுகளைத் தாங்க ஷெல்லில் பொருத்திய உலோகப் பாகங்கள்) கழற்றி மாட்டுவதை மட்டும் டிரம் வாசிக்கும் தம்பிமாரே பார்த்துக்கொள்ளலாம். ஆலயத்தின் பக்கத்து அறையில் வைத்துச் செய்வதானால் சன்னல்களைத் திறந்து வையுங்கள். பசையின் ஆவி தீப்பற்றக்கூடியது என்பதால் அங்கே மெழுகுவர்த்தி எரியக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தக்கலை.