தலை தீபாவளிக்கு வர வேண்டாம்

கோவில்பட்டி,
புரட்டாசி 20

அன்பு மகளுக்கு,

தலை தீபாவளிக்கு நீங்கள் இரண்டு பேரும் வர வேண்டாம். போனில் சொன்னால் உன் அம்மா பிடுங்கி, "நாலு நாள் வந்துட்டுப் போகட்டுமே" என்பாள். அதனால்தான் கடிதம்.

துணைவர் விசாவுக்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டது. முடிவு தெரியும் முன் நீ பிரிட்டனை விட்டு இந்தப் பக்கம் வந்தால், விண்ணப்பத்தை நீயே வாபஸ் வாங்கியதாக எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எட்டு வாரம் ஆகும் என்கிறார்கள். தீபாவளி அதற்குள் வந்துவிடும். நடுவில் உன் மாணவர் விசா முடிந்தால் பயப்படாதே. முடியும் முன்பே போட்டுவிட்டதால், பதில் வரும்வரை பழைய நிபந்தனைகளோடு அங்கேயே இருக்கலாம்.

மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டு ஆறு மாதத்துக்கும் சேர்த்து வைத்தாய் என்றாயே, எனக்குச் சிரிப்புதான் வந்தது. பெண் பார்க்க வந்தபோது நானே இவ்வளவு துருவவில்லை. வருடத்துக்கு 29,000 பவுண்டு காட்ட வேண்டுமாம். 2024 ஏப்ரலுக்கு முன்பு 18,600 போதும் என்றிருந்தது. விசாவோடு சேர்த்துக் கட்டும் மருத்துவக் கட்டணமே வருடத்துக்கு 1,035 வீதம், விசா தரும் இரண்டரை வருடத்துக்கு 2,587 பவுண்டு 50 பென்ஸ். ரூபாயில் பெருக்கிப் பார்த்து அம்மாவிடம் சொல்லவில்லை. இவ்வளவு வாங்கிக்கொண்டு கையில் ஓர் அட்டைகூடத் தர மாட்டார்களாம், எல்லாம் கணினியில்தானாம். எனக்கு அது இன்னும் மனசுக்கு ஒப்பவில்லை.

கல்யாணமான மறுவாரமே பதிவு அலுவலகத்துக்கு உங்களை இழுத்துக்கொண்டு போனதற்கு முகத்தைத் தூக்கினாய். 90 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். அதைவிட, சான்றிதழில் உன் பெயருக்கு முன்னால் வெறும் இனிஷியல் போட்டுவிடுவார்களோ என்றுதான் என் கவலை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் முழுப் பெயர் நிற்கிறது. இரண்டும் ஒத்துப்போக வேண்டுமே. வரைவை மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். மாப்பிள்ளை பெயரைச் சேர்த்துக்கொள்வதாக இருந்தால் இந்த விசா கைக்கு வந்தபிறகு செய். இப்போதைக்கு என் பெயரே இருக்கட்டும்.

ஒன்று தெரிந்துகொள். நிரந்தரமாகத் தங்க இந்த விசாவில் ஐந்து வருடம் ஆக வேண்டும். நீ படித்த காலம் அதில் சேராது. இரண்டரை வருடம் கழித்து மறுபடியும் இதே வேலைதான். அதனால் கரண்ட் பில், கவுன்சில் வரி, பேங்க் கடிதம் என்று இரண்டு பேருக்கும் அந்த முகவரியில் வருவது எதையும் கிழித்துப் போடாதே. ஒரு பையில் போட்டு வை.

வேட்டி, சேலை, கடலை மிட்டாய், அம்மா கிளறிய லேகியம் எல்லாம் பார்சலில் வரும். மோதிரம் மட்டும் இங்கேயே இருக்கும், நீங்கள் வரும்போது போட்டுக்கொள்ளலாம். மாப்பிள்ளையின் விரலில் நூலைச் சுற்றி அளவெடுத்து அனுப்பு. கேட்கச் சங்கடமாக இருந்தால் அவர் தூங்கும்போது எடுத்துவிடு.

அன்புடன்,
அப்பா