ஸ்பீஸ் பத்திரிகை ஆசிரியர் என்று ஒரு வரி போட்டிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மே தின இதழில் வந்த சிகாகோ தியாகிகள் கட்டுரையைப் படித்தேன். 1886 மே 4 அன்று சிகாகோ ஹேமார்க்கெட்டில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் போலீஸ் மேல் குண்டு விழுந்த வழக்கில் தூக்கிலிடப்பட்ட நால்வரைப் பற்றியது அது. தூக்குமேடையில் ஆகஸ்ட் ஸ்பீஸ் சொன்ன கடைசி வாக்கியத்தைக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறீர்கள். சரி, அதை எல்லோரும்தான் போடுகிறார்கள். ஆனால் அந்த மனிதர் என்ன வேலை பார்த்தார் என்று கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை, "ஆலைத் தொழிலாளர்களான நால்வரும்" என்று பொத்தாம் பொதுவாக முடித்துவிட்டீர்கள். அவர் உங்களைப் போல ஒரு பத்திரிகை ஆசிரியர் ஐயா! சிகாகோவில் ஜெர்மன் மொழியில் வந்துகொண்டிருந்த 'ஆர்பைட்டர் சைட்டுங்' என்ற தொழிலாளர் நாளிதழின் ஆசிரியர்.

ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதியில் 1855இல் பிறந்தவர். அப்பா வனத்துறையில் இருந்தார், அவர் போனதும் 1872இல் பையன் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, சோபா, நாற்காலிக்கு மெத்தை தைக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டு சிகாகோவில் சொந்தமாகக் கடையும் வைத்துவிட்டார். 1877 ரயில்வே வேலைநிறுத்தத்தை அடக்கிய விதம்தான் அவரை சோசலிஸ்டுகள் பக்கம் தள்ளியது. பத்திரிகைக்குள் வந்ததும் எழுத அல்ல, கணக்குப் பார்க்க. 1880இல் கடனில் தள்ளாடிக்கொண்டிருந்த பத்திரிகைக்கு மேலாளராக வந்து அதை நிமிர்த்தினார், 1884இல் ஆசிரியர் ஆனார். அதே ஊரில் 'இல்லினாய்ஸ் ஸ்டாட்ஸ் சைட்டுங்' என்று இன்னொரு பெரிய ஜெர்மன் நாளிதழ் இருந்தது, வழக்கு வந்தபோது அது இவர்களுக்கு எதிராகவே எழுதியது. ஒரே மொழிக்காரர்கள் என்பதெல்லாம் அங்கே எடுபடவில்லை.

நான் பல வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன். அதனாலோ என்னவோ, இந்த வழக்கைப் படிக்கும்போது எனக்குப் பாதி அச்சுக்கூடத்துச் சமாச்சாரமாகவே தெரிகிறது. 1886 மே 3 அன்று மெக்கார்மிக் அறுவடை இயந்திர ஆலைக்குப் பக்கத்தில் ஸ்பீஸ் பேசிக்கொண்டிருந்தபோது ஆலை வாசலில் கலகம் மூண்டு போலீஸ் சுட்டது. கொதித்துப்போய் ஆபீசுக்கு ஓடிவந்து ஒரு துண்டறிக்கை எழுதினார். அதன் தலைப்பில் 'பழிவாங்குவோம்' என்று இருந்தது. அது நான் எழுதியதில்லை, அச்சுக் கோத்தவர் சேர்த்தது என்று நீதிமன்றத்தில் சொன்னார். மறுநாள் ஹேமார்க்கெட் கூட்டத்துக்கான நோட்டீஸில் "ஆயுதத்தோடு வாருங்கள்" என்று ஒரு வரி. இந்த வரி இருந்தால் நான் பேசமாட்டேன் என்று ஸ்பீஸ் பிடிவாதமாக நிற்க, அதை எடுத்துவிட்டு மறுபடி அடித்தார்கள். ஆனால் பழைய நோட்டீஸ் சில நூறு எப்படியோ வெளியே போய்விட்டது, அரசுத் தரப்பு அதைத்தான் தூக்கிக் காட்டியது. அச்சகத்தில் வேலை பார்த்த யாரும் சொல்வார்கள், திருத்தம் போட்டால் முதலில் அடித்த கட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் மறு வேலை.

இதைவிட மோசம் மே 4ஆம் தேதி இதழ். வாசகர்களுக்குப் பதில் சொல்லும் பகுதியில் 'ரூஹெ' என்று ஒரே ஒரு சொல் வந்தது, அமைதி என்று பொருள். முக்கியமான அறிவிப்பு, போடுங்கள் என்று சீட்டு வந்தது, போட்டேன் என்றார் ஸ்பீஸ். அதுவோ ஆயுதக் குழுக்கள் முந்தின இரவு, அவர் இல்லாத ஒரு கூட்டத்தில், தங்களுக்குள் வைத்துக்கொண்ட அடையாளச் சொல். விஷயம் தெரிந்ததும், தவறாக வந்துவிட்டது என்று ஆள் அனுப்பிச் சொல்லச் சொன்னாராம். ஆனால் அந்தச் சொல் அவர் கையெழுத்திலேயே போலீஸ் கையில் கிடைத்தது. வருகிற சீட்டை எல்லாம் படித்துப் பார்த்துப் போடுங்கள் சார், என்னுடையது உட்பட.

அதற்காக அவரை ஒன்றும் அறியாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் பத்திரிகை டைனமைட்டைப் பற்றித் தாராளமாக எழுதியது, அவரே 'டெய்லி நியூஸ்' நிருபரிடம் குண்டுக் கூட்டை எடுத்துக் காட்டி ஜம்பம் அடித்திருக்கிறார், ஜூரிகள் முன்னால் அதெல்லாம் வந்து நின்றது. ஆனால் ஹேமார்க்கெட்டில் அன்று குண்டு வீசியது யார் என்று இன்றுவரை தெரியாது. அதே வழக்கில் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த மீதி மூன்று பேரை 1893இல் விடுதலை செய்த ஆளுநர் ஆல்ட்கெல்ட், விசாரணையே நேர்மையாக நடக்கவில்லை என்று எழுதினார். அந்த மூவரில் ஆஸ்கர் நீபே என்பவருக்கு 15 வருடம் போட்டிருந்தார்கள். அவர் மேல் சொன்ன குற்றங்களில் ஒன்று, அந்தப் பத்திரிகையில் 2 டாலர் பங்கு வைத்திருந்தது!

அதனால் அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட வேண்டுகிறேன். 1887 நவம்பர் 11 அன்று தூக்கிலிடப்பட்ட நால்வரில் ஸ்பீஸ் ஆசிரியர், ஃபிஷர் அதே பத்திரிகையில் அச்சுக் கோப்பவர், பார்சன்ஸ் அச்சுக் கோப்பவராக இருந்து பிறகு 'அலாரம்' என்ற ஆங்கிலப் பத்திரிகையை நடத்தியவர், எங்கெல் பொம்மைக் கடைக்காரர். ஆலைத் தொழிலாளி ஒருவரும் இல்லை. அப்புறம் படத்துக்குக் கீழே ஸ்பீஸ் பெயரும் பார்சன்ஸ் பெயரும் இடம் மாறியிருக்கின்றன, அதையும் பாருங்கள்.

இப்படிக்கு,
பழைய பிழைதிருத்துநர் ஒருவர்,
சிவகாசி