நொவோட்னாவின் கணக்கில் 16 விடுபட்டிருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில், கைக்கு எட்டிய வெற்றியை நழுவவிட்டவர்கள் என்று நாலைந்து பேரைப் போட்டிருந்தீர்கள். அதில் செக் நாட்டு டென்னிஸ் ஆட்டக்காரர் யானா நொவோட்னாவும் ஒருவர். படம், எல்லாரும் போடுகிற அதே படம்தான். 1993 விம்பிள்டன் இறுதி ஆட்டம் முடிந்து, இங்கிலாந்து அரச குடும்பத்துக் கெண்ட் கோமகளின் தோளில் முகம் புதைத்து அவர் அழுகிற படம். கீழே இரண்டு வரி. இரண்டாவது வரியில், அவர் வாழ்நாளில் வென்றது ஒரே ஒரு கிராண்ட் ஸ்லாம் (ஆஸ்திரேலியா, பிரான்ஸ், விம்பிள்டன், அமெரிக்கா என்கிற நான்கு பெரிய போட்டிகள்) பட்டம் என்று இருந்தது.

நான் முப்பது வருடம் ரப்பர் தோட்டத்து ஆபீசில் செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டை எழுதிய கிராணி, அதாவது குமாஸ்தா. தொகை தப்பாக இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. நொவோட்னாவின் தொகை 1 அல்ல, 17. ஒற்றையரில் 1, பெண்கள் இரட்டையரில் 12, கலப்பு இரட்டையரில் 4. நீங்கள் பதினாறைக் கணக்கில் சேர்க்கவில்லை.

தோட்டத்துப் பொம்பளைக்கு டென்னிஸ் எங்கிருந்து தெரியும் என்று தங்கள் அலுவலகத்தில் யாராவது சிரிக்கலாம். எங்கள் தோட்டத்தில் துரைமார் கிளப்புக்குப் பக்கத்தில் ஒரு டென்னிஸ் திடல் இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் சனிக்கிழமை மாலையானால் நாங்கள் நாலைந்து பிள்ளைகள் பந்து பொறுக்கப் போவோம். ஆளுக்கு இருபது காசு. ரப்பர் மரங்களுக்குள் ஓடிப் போன பந்தைத் தேடி எடுத்து வந்தால் இன்னும் ஐந்து காசு. ஆட்ட எண்ணிக்கை அப்போதே மனப்பாடம். ஆட்டம் 40-40 ஆனதும் "டியூஸ்" என்று அவர்கள் சொல்வதை "ஜூஸ்" என்று நினைத்துக்கொண்டு, அடுத்து எங்களுக்கும் ஒரு கிளாஸ் வரும் என்று ரொம்ப நாள் காத்திருந்திருக்கிறோம். மயிர் உதிர்ந்துபோன பந்தை எங்களுக்கே கொடுத்துவிடுவார்கள். அதை வைத்து நாங்கள் குடியிருந்த லயத்துச் சுவரில் அடித்து அடித்து, பக்கத்து வீட்டு ஆயாவிடம் வாங்கிய ஏச்சுக்கு அளவே இல்லை.

இனி அந்த 1993 ஆட்டத்துக்கு வருகிறேன். நம் மலேசிய நேரப்படி அது இரவு. கறுப்புப் பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்திருந்த சின்னத் தொலைக்காட்சிப் பெட்டியில் பார்த்தேன். பக்கத்தில் அம்மா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். நொவோட்னா அன்றைக்கு எப்படி அங்கே வந்து சேர்ந்தார் என்பதை யாரும் எழுதுவதில்லை. கால் இறுதியில் கேப்ரியேலா சபாட்டினி, அரை இறுதியில் மார்ட்டினா நவ்ரத்திலோவா. விம்பிள்டனில் ஒன்பது முறை ஒற்றையர் பட்டம் வாங்கிய நவ்ரத்திலோவாவையே ஒரு செட்டும் விடாமல் நேர் செட்டில் தோற்கடித்துவிட்டுத்தான் இறுதியில் ஜெர்மனியின் ஸ்டெஃபி கிராஃபுக்கு முன்னால் போய் நின்றார். முதல் செட் 6-6 ஆகி, அதை முடித்துவைக்கிற டை பிரேக்கரில் கைவிட்டுப் போனது. இரண்டாவதில் கிராஃபுக்கு ஒரே ஒரு கேம்தான் கொடுத்தார். மூன்றாவதில் 4-1 முன்னணி, சர்வீஸ் அவர் கையில், 40-30. அந்தப் புள்ளி கிடைத்திருந்தால் 5-1. அதில் டபுள் ஃபால்ட், இரண்டு சர்வீசும் தப்பு. இரண்டாவது சர்வீஸ் கோட்டைத் தாண்டி எங்கேயோ போய் விழுந்தது. அதற்குப் பிறகு ஒரு கேம்கூட இல்லை. கிராஃப் வரிசையாக ஐந்து கேம் எடுத்து 6-4 என்று முடித்தார்.

பரிசு கொடுக்க வந்த கோமகளின் தோளில் அவர் சாய்ந்ததும் அம்மா வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டார். "யாருடி அந்தப் புள்ள, பொறந்த வீட்ட விட்டுப் போறவ மாதிரி அழுவுது?" என்றார். சொன்னேன். "அந்த வெள்ளக்கார அம்மா?" அரச குடும்பத்தம்மா என்றேன். "இருக்கட்டும், தோளக் குடுத்தாளே" என்றார். அவ்வளவுதான் அம்மாவின் டென்னிஸ் அறிவு. ஆனால் அதற்குப் பிறகு பேப்பரில் அந்தப் பெயர் வந்தால் "நம்ம அழுத புள்ளயா?" என்று கேட்பார்.

அவர் பதறிப்போய்த் தோற்றதே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. 1995-ல் பாரிசில் சாண்டா ரூபினுடன் ஆடும்போது மூன்றாவது செட்டில் 5-0, 40-0 என்று இருந்து, ஆட்டத்தையே முடிக்கிற மேட்ச் பாயிண்ட் ஒன்பதையும் விட்டு, 8-6 என்று தோற்றார். அதையும் எழுதுங்கள், தப்பில்லை. 1997 விம்பிள்டன் இறுதியில் முதல் செட்டை 6-2 என்று வென்றுவிட்டு சுவிட்சர்லாந்தின் மார்ட்டினா ஹிங்கிஸிடம் தோற்றதையும் எழுதுங்கள். என் புகார், வரவு பக்கத்தைக் கிழித்துவிட்டுச் செலவு பக்கத்தை மட்டும் அச்சடிக்கிறீர்கள் என்பதுதான்.

வரவைச் சொல்கிறேன். ஹெலேனா சுக்கோவாவுடன் ஜோடி சேர்ந்து 1989, 1990 இரண்டு வருடமும் விம்பிள்டன், 1990-ல் ஆஸ்திரேலியாவும் பிரான்சும். ஜிஜி ஃபெர்னாண்டஸுடன் 1991-ல் பிரான்ஸ். அரந்த்சா சான்செஸ் விகாரியோவுடன் 1994-ல் அமெரிக்கா, 1995-ல் ஆஸ்திரேலியா, விம்பிள்டன். லிண்ட்சே டேவன்போர்ட்டுடன் 1997-ல் அமெரிக்கா. ஹிங்கிஸுடன் 1998-ல் பிரான்ஸ், விம்பிள்டன், அமெரிக்கா மூன்றும். கூட்டிப் பாருங்கள், பன்னிரண்டு வரும். அதற்கும் முன்னால், 1988-லும் 1989-லும் ஜிம் பியூவுடன் கலப்பு இரட்டையர் நான்கு. ஒலிம்பிக்கில் சுக்கோவாவுடன் சோல் 1988, அட்லாண்டா 1996 என்று இரண்டு வெள்ளி, அட்லாண்டாவிலேயே ஒற்றையரில் ஒரு வெண்கலம். 1993-ல் கோமகளின் தோளில் அவர் சாய்ந்து அழுதபோதே விம்பிள்டன் பட்டம் மூன்று அவரிடம் இருந்தது. அந்தப் படத்துக்குக் கீழே இதை யாராவது போட்டிருக்கிறார்களா?

பட்டியலில் ஒன்றைக் கவனியுங்கள். பெண்கள் இரட்டையரில் ஜோடிகள் ஐந்து, ஐந்தும் ஐந்து விதம். சர்வீஸ் போட்ட கையோடு வலைக்கு ஓடி வந்து பந்து தரையில் விழும் முன்பே அடிப்பது நொவோட்னாவின் ஆட்டம். பின்கையால் சீவி அடித்தால் புல் தரையில் பந்து எழும்பவே எழும்பாது. பின்னால் நின்று ஆடுகிறவருக்கு முன்னால் இப்படி ஒருவர் வலையை அடைத்துக்கொண்டு நின்றால் போதும், எதிரிக்கு இடமே இருக்காது. யாரோடு போட்டாலும் வென்றார் என்றால் காரணம் இதுதான்.

இரட்டையர் என்றால் ஏன் கணக்கில் வருவதில்லை என்று எனக்குத் தெரியும். எப்படி விடுபடுகிறது என்பதும் தெரியும். எங்கள் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர், ஒரு நாளைக்கு ஐந்நூறு மரத்துக்கு மேல். விடியும் முன்பே அம்மாவும் கூடப் போவார். அப்பா மரம் வெட்டிக்கொண்டே போக, அம்மா பின்னாலேயே பால் வடிகிற மங்கைத் துடைத்து வைப்பார், மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பால் உரிப்பார், பால் எடுக்கும்போது தோளில் தூக்குகிற காண்டாச் சுமையில் பாதியை அம்மாதான் சுமப்பார். ஸ்டோரில் பாலை எடை போடுவார்கள். செக்ரோலில் அப்பா பெயர் மட்டும் இருக்கும். கைக்கு உதவியாக வந்தவர்களுக்குப் பெயர் இல்லை, சம்பளம் இல்லை, பிற்பாடு சேமநிதியும் இல்லை. 1981-லிருந்து அந்த வரியை எழுதியவள் நான்தான். என் அப்பா பெயரை என் கையால் எழுதினேன், கிலோவைப் பக்கத்தில் போட்டேன். அம்மாவுக்கு அதில் இடமில்லை, நானும் கேட்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் பெர்லி டானும் நம் பிள்ளை தீனா முரளிதரனும் பூப்பந்தில் என்ன ஆடுகிறார்கள்? இரட்டையர்தான். 2022 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கியபோது தங்கள் நாளிதழில் பெரிய படம் வந்தது, வெட்டி வைத்திருக்கிறேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் தோற்றார்கள், 2025 உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார்கள். இருபது வருடம் கழித்து யாராவது ஒருவர் தீனாவுக்கு ஒற்றையரில் ஒரு பட்டமும் இல்லை என்று எழுதினால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? நொவோட்னாவுக்கும் பிர்னோவில் இதே மாதிரி ஊர்க்காரர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

அவர் விம்பிள்டன் ஒற்றையரை வென்ற 1998-ஐப் பற்றி அந்தக் குறிப்பில் பாதி வரிகூட இல்லாததால் நானே சொல்லிவிடுகிறேன். அம்மா அப்போது இல்லை, இரண்டு வருடம் ஆகியிருந்தது. கால் இறுதியில் வீனஸ் வில்லியம்ஸ், அரை இறுதியில் முந்தைய வருடம் தோற்கடித்த அதே ஹிங்கிஸ். இருவரையும் நேர் செட்டில் வென்றார். அந்த ஹிங்கிஸுடன்தான் அதே விம்பிள்டனில் ஜோடி சேர்ந்து இரட்டையர் பட்டமும் வாங்கினார் என்பது எனக்கு இன்றைக்கும் வேடிக்கையாக இருக்கும். ஒரு நாள் எதிரி, மறுபடி கூட்டாளி. இறுதியில் பிரான்சின் நதாலி தோசியா. ஜூலை 4, சனிக்கிழமை. அதே இரவு உலகக் கிண்ணக் காற்பந்தில் நெதர்லாந்துக்கும் அர்ஜெண்டினாவுக்கும் கால் இறுதி, நம் நேரப்படி பத்தரைக்கு. வீட்டில் நான்கு ஆண்கள், ஒரு பெட்டி. ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். 6-4, பிறகு டை பிரேக்கர். கடைசிப் பந்துக்கு முன்னால் மறுபடி டபுள் ஃபால்ட் போட்டுவிடுவாரோ என்று எனக்குத்தான் கை நடுங்கியது. அவருக்கு நடுங்கவில்லை. பரிசுத் தட்டைக் கொடுத்தது அதே கெண்ட் கோமகள். அதைப் பார்க்காமல் மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டேன். அதற்குள் நெதர்லாந்தின் க்ளுய்வெர்ட் கோல் போட்டுவிட்டார். பெரிய மகன் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

நொவோட்னாவுக்குப் பயிற்சி கொடுத்த ஹானா மண்ட்லிகோவா தாமே இரண்டு முறை விம்பிள்டன் இறுதியில் தோற்றவர். நொவோட்னா ஓய்வு பெற்ற பிறகு, பார்போரா கிரெய்ச்சிகோவா என்கிற பதினெட்டு வயதுப் பெண் ஒரு கடிதத்தோடு போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். பயிற்சி கொடுத்தார். 2017 நவம்பர் 19-ல் புற்றுநோயில் நொவோட்னா காலமானார், 49 வயது. அந்தப் பெண் 2021-ல் பிரெஞ்சு ஓப்பனில் ஒற்றையர், இரட்டையர் இரண்டும் வென்றாள். 2024-ல் விம்பிள்டன் ஒற்றையரும். வென்றவர்கள் பெயர்ப் பலகையில் 1998-க்கு நேராக இருக்கும் பெயரைப் பார்த்து அவள் அழுததும் ஒரு படம்தான். அழுகிற படம்தான் வேண்டுமென்றால் அதைப் போட்டிருக்கலாமே.

ஆகவே ஆசிரியர் அவர்களே, திருத்தம் ஒன்று போடுங்கள். பெரிதாக வேண்டாம், மூன்று எண் போதும்: 1, 12, 4. படத்துக்கு, 1998-ல் தட்டைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற படம் தங்களிடம் இல்லையென்றால் சொல்லுங்கள். என் பெரிய மகன் கணினியில் தேடி எடுத்து அனுப்பிவைப்பான். க்ளுய்வெர்ட்டின் கோலைப் பார்க்காமல் விட்டானே, அவன்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேரா.