கயலின் பாம்பு ரேக்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது, கூடவே கயல் பென்சிலில் போட்ட ரேக் படமும், அதாவது பாம்பு வாழும் பிளாஸ்டிக் டப்புகளைத் தட்டுத் தட்டாக அடுக்கும் அந்த அலமாரியின் படமும். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று கேட்டு வளர்ந்தவன் நீ. இப்போது இங்கிலாந்தின் லெஸ்டர் குளிரில் பாம்பு நடுங்குமே என்று கவலைப்படுகிறாய்! என் முழங்கால் தேறிவிட்டது. படி ஏறுகிறேன், தரையில் உட்காரத்தான் இன்னும் முடியவில்லை. இல்லாவிட்டால் நானே வந்து வயரிங் செய்து கொடுத்திருப்பேன்.

முதலில் கயலின் கேள்வி. தட்டுகளில் பள்ளம் எடுத்து, டப்புகளைச் சூடாக்கும் ஹீட் கேபிளைப் பதித்த பிறகு மிச்சத்தை வெட்டிவிடலாமா என்கிறாள். வெட்டவே கூடாது. அது முழுக்க ஒரே மின்தடைக் கம்பி. நீளம் குறைந்தால் தடையும் குறையும், அதே 230 வோல்ட்டில் கரண்ட் கூடும். 8 மீட்டர், 50 வாட் கேபிள் என்று வைத்துக்கொள். பாதியாக வெட்டினால் 4 மீட்டரில் 100 வாட். மீட்டருக்கு 6 வாட் சொச்சமாக இருந்தது 25 வாட் ஆகிவிடும். அப்போதும் கரண்ட் அரை ஆம்பியரைக்கூடத் தொடாது, அதனால் பிளக்கில் இருக்கும் 3 ஆம்பியர் ஃபியூஸ் போகாது. ஆர்சிடி என்ற பாதுகாப்பு சுவிட்சும் மின்கசிவைத்தான் பார்க்கும், சூட்டைப் பார்க்காது. பலகை கருகினாலும் இரண்டும் சும்மா இருக்கும்.

தட்டையாக ஹீட் டேப் என்று ஒன்று விற்கிறார்கள், அதைக் குறியிட்ட இடத்தில் வெட்டலாம். அதில் இரண்டு ஓரத்துக்கும் நடுவே கரண்ட் குறுக்காகப் பாய்வதால் நீளம் குறைந்தாலும் பிரச்சினை இல்லை. அதைப் பார்த்துத்தான் கேட்டாளோ என்னவோ.

ஆகவே பள்ளத்தை அளந்து, அதற்கேற்ற கேபிளை வாங்குங்கள். கொஞ்சம் மிஞ்சினால் கீழ்த்தட்டில் இன்னொரு வரி ஓட்டலாம், குளிர் அதிகம் அங்கேதான். ரேக்குக்குப் பின்னால் சுருட்டி மட்டும் வைக்காதீர்கள். ஒரு வரி இன்னொன்றைத் தொட்டாலோ குறுக்கே போனாலோ அந்த இடத்தில் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும். மேலே அலுமினியம் டேப் ஒட்டினால் சூடு பரவும், ஆனால் அதன் ஓரம் கூர்மை, கேபிளின் சிலிகோன் உறையை அழுத்தக் கூடாது. ரேக் இரும்பு என்றால் எர்த் போட வேண்டும், அதற்கு ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு.

அப்புறம் தெர்மோஸ்டாட், சென்சாரால் சூட்டைப் பார்த்துக் கேபிளைப் போட்டு அணைக்கும் கருவி. எல்லோரும் அதை வாங்கியதும் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார்கள், எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. உள்ளே இருக்கும் ரிலே என்ற சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் கேபிள் அணையவே அணையாது. சென்சார் கழன்று குளிர்ந்த காற்றில் தொங்கினாலும் அதே கதைதான், அது குளிர் என்று சொல்லச் சொல்ல இது காய்ந்துகொண்டே இருக்கும். அதனால் சென்சாரை டப்புக்குள் போடாதீர்கள், பாம்பு புரட்டும், தண்ணீர் கொட்டும். தட்டிலேயே சூடான வரியின் பக்கத்தில், டப்பின் அடியில் ஒட்டுங்கள். சூடு மேலே ஏறி மேல்தட்டுதான் அதிகம் காயும் என்பதால் அங்கே ஒட்டுவதுதான் சரி. கீழ்த்தட்டு ஓரிரு டிகிரி குறைந்தால் பாதகமில்லை.

நான் நம்புவது வாட்டைத்தான். தெர்மோஸ்டாட் செத்தாலும் பாம்பைக் கொல்ல முடியாத அளவுக்குச் சின்னக் கேபிளாகப் போடு. கானா, டோகோ, பெனின் பக்கத்திலிருந்து வந்த பால் பைத்தான் (ball python) என்ற உங்கள் மலைப்பாம்புக்கு டப்பின் ஒரு கோடியில் 31, 32 டிகிரியும் மறுகோடியில் 25, 26 டிகிரியும் இருந்தால் போதும். பாம்பே இல்லாமல், தெர்மோஸ்டாட்டும் இல்லாமல், நீங்கள் வீட்டில் இருக்கும் ஒரு பகல் முழுக்க ஓட விட்டு, டப்பின் அடித்தளத்தை அளந்து பாருங்கள். அறை 19 டிகிரி, டப் 34 என்றால் ஏற்றம் 15. அது நல்ல கணக்கு. 25 டிகிரி ஏறினால் அந்தக் கேபிள் வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடு. சூட்டுக்கு நகர்ந்துவிடும் என்று பாம்பை நம்பாதே. வயிறு வெந்துபோகும் அளவுக்கு அதே இடத்தில் படுத்துக் கிடக்கும்.

இந்த ஏற்றக் கணக்குக்குக் கோடையில் ஒரு சிக்கல் உண்டு. 2022 ஜூலை 19 அன்று உங்கள் பக்கத்து லிங்கன்ஷயரில், கோனிங்ஸ்பியில், 40.3 டிகிரி போனதே, நினைவிருக்கிறதா? அந்த மாதிரி நாளில் 15 டிகிரி ஏற்றமும் ஆபத்துதான். பிளக்கையே உருவிவிடச் சொல். முதல் தெர்மோஸ்டாட்டை 32இல் வைத்து, அதே லைனில் அதற்கு அடுத்ததாக இன்னொன்றை 35இல் வைத்தால் இரவிலும் கவலை குறையும். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் மற்றது அணைக்கும். செலவுதான், ஆனால் இதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதே.

பவர் வயர் பிளக்குக்குப் போகும் வழியில் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், சிந்திய தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். எக்ஸ்டென்ஷனில் எக்ஸ்டென்ஷன் சொருகுகிற நம் பழைய ஹாஸ்டல் பழக்கம் இங்கே வேண்டாம். அந்த அறையில் ஸ்மோக் அலாரம் இருக்கிறதா?

கேபிளைப் பதித்ததும், டேப் ஒட்டுவதற்கு முன்பே படம் எடுத்து அனுப்பச் சொல். மாலாவுக்கு இந்த விஷயம் இன்னும் தெரியாது என்கிறாயே, அதை எப்படிச் சொல்லப்போகிறாய்?

அன்புடன்,
ராமு