வயதுக்கு வரம்பில்லை: நமது வேட்டை, மீன்பிடிச் சங்கத்தின் 2024ஆம் ஆண்டறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களே,

பொதுக்கூட்டத்தில் நோர்வேஜிய மொழியில் வாசித்த அறிக்கையை, சங்கத்தில் சேர்ந்துள்ள தமிழ்க் குடும்பங்களுக்காக இங்கே தமிழில் தருகிறேன். எல்க் என்று நான் குறிப்பிடுவது நோர்வேயில் உள்ள நம் நாம்டாலன் பகுதிக் காடுகளில் வாழும் பெரிய மானைத்தான். வட அமெரிக்காவில் இதற்கு மூஸ் என்று பெயர்; அங்கே எல்க் என்றால் வேறொரு மான். கனடா உறவினர்களிடம் இந்த அறிக்கையைக் காட்டுபவர்கள் இதையும் சொல்லிவிடுங்கள்.

முதலில் அஞ்சலி. ஜனவரியில் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் 91 வயதில் காலமானார். 88 வயது வரை துவக்கோடும், அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் வெறுங்கையோடும் எல்க் வேட்டைக்கு வந்தவர் அவர். அவருடைய மகள் ஒரு மீன்பெட்டி நிறையக் கொப்பிகளைச் சங்கத்திடம் ஒப்படைத்திருக்கிறார். 1968 முதல் ஒவ்வொரு வேட்டை நாளிலும் எத்தனை எல்க் கண்ணில் பட்டன, ஆணா பெண்ணா, கூடக் கன்று வந்ததா, காற்று எந்தப் பக்கம் வீசியது என்று எல்லாம் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறார். மழையில் பேனை மை கரைந்துவிடும் என்பார். முதல் சில கொப்பிகளில் 'ஒன்றும் இல்லை' என்ற சொற்களே பக்கம் பக்கமாக வருகின்றன. நாடு முழுவதும் அன்றைய நிலை அதுதான். 1970இல் நோர்வேயில் சுடப்பட்ட எல்க்குகள் பத்தாயிரத்தைத் தொடவில்லை. 1999இல் அந்த எண்ணிக்கை 39,000 அளவுக்கு உயர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காட்டை மொத்தமாக வெட்டி மறுபடி வளர்க்கும் முறை பரவியதால் இளந்தளிர் பெருகியதும், வளர்ந்த பெண் எல்க்குகளைக் காப்பாற்றிக் கன்றுகளையும் இளம் விலங்குகளையும் அதிகமாகச் சுடும் வழக்கம் வந்ததும் இதற்குக் காரணங்கள். இந்த மாற்றம் முழுவதையும் ஒரே பள்ளத்தாக்கில், ஒரே மனிதரின் கையெழுத்தில் பார்க்கும்போது மலைப்பாக இருக்கிறது. கண்ட எல்க்குகளின் கணக்கை இன்று நாம் கைப்பேசியில் பதிவு செய்கிறோம். அந்தக் கொப்பிகளைப் படியெடுத்துப் பாதுகாக்க ஆட்சிக்குழு முடிவு செய்துள்ளது.

அவரைப் போன்றவர்களைப் பற்றித்தான் ஆண்டு முழுவதும் பேசினோம். 75 வயதைக் கடந்தவர்கள் நம் குழுவில் துவக்கு ஏந்தக் கூடாது என்று சென்ற பொதுக்கூட்டத்தில் ஒரு முன்மொழிவு வந்தது. அதைக் கொண்டுவந்தவரின் அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவருடைய தந்தை முந்தைய ஆண்டு ஓடைக்கரையில் வழுக்கி விழுந்து, ஒரு மணி நேரம் ஈரத்தில் கிடந்தார். அப்படி ஒரு தந்தையைத் தூக்கி வந்த மகன் அச்சப்படாமல் இருக்க முடியாது. ஆயினும் அந்த முன்மொழிவை நான் முழு மனதோடு எதிர்த்தேன். ஏன் என்பதை எழுத்தில் வைக்க விரும்புகிறேன்.

இந்த நாட்டில் பெருவிலங்கு வேட்டையாட ஒருவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்கு முன்னர் பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் பழகலாம். மேல் வரம்பு எதுவும் சட்டத்தில் இல்லை. நம் மூத்தவர்களில் பலர் 1986இல் வேட்டைத் தேர்வு வருவதற்கு முன்பே வேட்டைக்காரர்களாக இருந்தவர்கள் என்பதால் அதை எழுதியதே இல்லை. ஆனால் ஆண்டுதோறும் நடக்கும் சுடுதேர்வு எல்லோருக்கும் ஒன்றுதான். முதலில் 30 முறை பயிற்சிக்காகச் சுட வேண்டும். பிறகு 100 மீற்றர் தூரத்தில் வைத்த துருவமான் உருவத்தை நோக்கி ஐந்து தோட்டாக்கள். ஐந்தும் 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டத்துக்குள் விழ வேண்டும். நான்கு உள்ளே, ஒன்று வெளியே என்றால் தேறவில்லை. இருபத்தைந்து வயதுக்காரர் இரண்டு பேர் இந்த ஆண்டு முதல் முறையில் தேறவில்லை; எண்பதைக் கடந்த இருவரும் முதல் முறையிலேயே தேறினார்கள். யார் சுடலாம் என்று அந்த வட்டத்தைக் கேட்போம், பிறந்த திகதியைக் கேட்க வேண்டாம் என்பதே என் வாதம்.

ஜூன் மாதம் சுடுதளத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் பழைய தபால்காரருக்கு வயது 79. அன்று இரண்டாம் முறையில் தேறிவிட்டார். தேர்ச்சித் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தவர் போகாமல் நின்றார். வலது கண்ணால் பார்த்தால் இலக்குப் பலகையின் நேரான விளிம்பு நடுவில் குழிந்து தெரிகிறது, இடது கண்ணால் பார்த்தால் நேராக இருக்கிறது என்றார். கதவுச் சட்டத்தைப் பார்க்கச் சொன்னேன். அதுவும் குழிந்து தெரிந்தது. அடுத்த வாரமே கண் வைத்தியரிடம் போனார். விழித்திரையின் மையத்தில் நீர் கசியும் நோய் என்று கண்டுபிடித்து ஊசி போடத் தொடங்கினார்கள். நேர்கோடு வளைந்து தெரிவது அந்த நோயின் முதல் அடையாளங்களில் ஒன்று என்பதை அன்றுதான் நானும் அறிந்தேன். பார்வை இப்போது நிலைபெற்றிருக்கிறது. ஆனாலும் தேர்ச்சித் தாளை என் மேசையில் வைத்துவிட்டு, இந்த ஆண்டு துவக்கு எடுப்பதில்லை என்று அவரே சொல்லிவிட்டார். 75 வயது வரம்பு இருந்திருந்தால் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அவர் சுடுதளத்தின் பக்கம் வருவதை நிறுத்தியிருப்பார். அந்தக் கோடு வளைந்ததை யார் கவனித்திருப்பார்கள்?

துவக்கை வைத்தாரே தவிர வேட்டையை அவர் விடவில்லை. கூடுமிடத்தில் ரேடியோவைக் கவனித்துக்கொண்டார். அரைமணிக்கு ஒரு முறை ஒவ்வொருவரையும் அழைத்து, பதில் வந்ததும் பட்டியலில் கோடு போட்டார். நாற்பது ஆண்டுகள் வீடு வீடாகக் கடிதம் கொடுத்தவருக்கு எந்த ஓடை எங்கே வளைகிறது என்பது மனப்பாடம். 'நாய் குரைக்கும் சத்தம் மேற்கே போகிறது' என்று ஒருவர் சொன்னாலே, எல்க் எந்தச் சதுப்பில் வெளியே வரும் என்று அவரால் சொல்ல முடிகிறது. நம் வேட்டைத் தலைவர் இந்த ஆண்டு அதை நம்பியே ஆட்களை இடம் மாற்றினார்.

வரம்புக்குப் பதிலாக வேலையை மாற்றிப் பார்ப்பது என்று ஆட்சிக்குழு தீர்மானித்தது. படிகள் உளுத்துப்போன பழைய பரண்கள் இரண்டைப் பிரித்து எறிந்தோம். தரைமட்டத்தில் மூன்று மறைவிடங்கள் கட்டினோம். முதுகு சாய்க்கப் பலகை, எழுந்து நிற்கக் கைப்பிடி, துவக்கைத் தாங்க ஒரு மரச்சட்டம், அவ்வளவுதான். காட்டுப்பாதைத் தடுப்பின் சாவியை நில உரிமையாளர் தந்துவிட்டதால், முழங்கால் வலி உள்ளவர்களை அருகே வரை காரில் கொண்டுபோய் இறக்கினோம். விழுந்த எல்க்கை யாரும் தோளால் இழுக்கக் கூடாது என்று விதி செய்தோம். அதை 'இரும்புக் குதிரை' என்று நாம் அழைக்கும் சிறிய சங்கிலிச்சக்கர வண்டியே இழுத்து வரும். எல்க்கை எடுத்துவர அந்த வண்டிக்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. தோள்பட்டை வலிக்கிறது என்ற இரண்டு மூத்தவர்கள் கனமான துவக்கை விட்டுவிட்டு 6.5 × 55 தோட்டாவுக்கு மாறினார்கள். 1894இல் நோர்வே இராணுவம் ஏற்ற பழைய தோட்டா அது. உதை குறைவு, தக்க குண்டைத் தேர்ந்தால் எல்க்குக்குப் போதுமானது. முனையில் ஒலியடக்கி பொருத்தினால் உதை இன்னும் தணியும், காதுக்கும் நல்லது.

இனி வேட்டையைப் பற்றி. செப்டெம்பர் 25, புதன்கிழமை. விடியுமுன் ரீச்சரை அழைத்துக்கொண்டு கீழ்ச் சதுப்பு மறைவிடத்துக்குப் போனேன். அவருக்கு 81 வயது. 1987இல் யாழ்ப்பாணத்திலிருந்து இருபது வயதில் வந்த எனக்கு இந்த நாட்டின் மொழியைக் கற்றுத் தந்தவரும், முதன்முதலில் காட்டுக்குக் கூட்டிப் போனவரும் அவரே. இங்கே எல்லோரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை, ரீச்சர் என்றே அழைக்கிறேன். மறைவிடத்துக்குப் பக்கத்தில் பழங்கால எல்க் பொறிக்குழி ஒன்று பாசி மூடிக் கிடக்கிறது. அந்தக் குழியின் விளிம்பில் காலை ஊன்றித்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

எட்டு மணிக்கு மேல் நாய் ஓரிடத்தில் நின்று குரைக்கத் தொடங்கியது. ரீச்சர் வலக் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். விரல்கள் வளைந்திருந்தன, மூட்டுவாதம். விரல்களை வாயருகே கொண்டுபோய் ஊதிச் சூடேற்றினார். முக்கால் மணி நேரம் கழித்துத் தாய் எல்க் ஒன்று ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு இடையிலிருந்து சதுப்பில் கால் வைத்தது. அறுபது மீற்றர் இருக்கும். அதற்குப் பின்னால், அதன் வயிற்றோடு ஒட்டியபடி கன்று. தாயைச் சுட்டுக் கன்றை அநாதையாக விடக் கூடாது என்பது எல்க் வேட்டையின் முதற்பாடம், கன்று முதலில். ஆனால் கன்று தனித்து நிற்கவில்லை. என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்டது. ரீச்சரின் சுட்டுவிரல் விசைக்கு வெளியே நீண்டிருந்தது, உள்ளே போகவே இல்லை. இரண்டு நிமிடம் அப்படியே நின்ற தாயும் கன்றும் ஒன்றாகவே மறுபுறக் காட்டுக்குள் நுழைந்தன. அவர் தோட்டாவை வெளியே எடுத்துவிட்டுக் கொப்பியில் பென்சிலால் எழுதினார்: 'தாய் 1, கன்று 1. சுடவில்லை.' பிறகு பாணைப் பிரித்து எனக்கும் பாதி தந்தார்.

சனிக்கிழமை அதே இடத்தில், ஐம்பது மீற்றரில், தனித்து நின்ற கன்றை அவர் ஒரே தோட்டாவில் வீழ்த்தினார். இருபது அடி கூட அது ஓடவில்லை.

ஒக்டோபரில் ஒரு விபத்தைத் தாண்டி வந்தோம். மேட்டில் நடந்துகொண்டிருந்த உறுப்பினர் ஒருவருக்கு நெஞ்சு இறுகியது. ரேடியோ அழைப்புக்குப் பதில் வராததால் தபால்காரர் உடனே பக்கத்து ஆளை அனுப்பினார். அவசர மருத்துவ உதவி எண்ணான 113ஐ அழைத்தோம், ஹெலிகொப்டர் வந்து வைத்தியசாலைக்கு எடுத்துச் சென்றது. இப்போது நலமாக இருக்கிறார். அவருக்கு வயது 59. முன்மொழிவு நிறைவேறியிருந்தாலும் அவர் அன்று அதே மேட்டில்தான் இருந்திருப்பார். இதயத் துடிப்பை மின்னதிர்ச்சியால் சீராக்கும் முதலுதவிக் கருவி ஒன்று இறைச்சிக் கொட்டகையில் இப்போது இருக்கிறது. அதைக் கையாளத் தெரியாதவர்கள் கற்றுக்கொள்ளாமல் வரும் இலையுதிர் காலத்தில் காட்டுக்குள் போக வேண்டாம் என்று வேண்டுகிறேன்.

இறைச்சியைக் கொட்டகையில் நாற்பது பாகைநாள் கணக்கில் தொங்கவிட்டோம். அதாவது வெப்பநிலையை நாட்களால் பெருக்கினால் நாற்பது வர வேண்டும்; நான்கு பாகை என்றால் பத்து நாள். பங்கு எல்லோருக்கும் சமம், சுட்டவருக்கும் சுடாதவருக்கும். துவக்கு எடுக்காத தபால்காரருக்கு முழுப் பங்கா என்று ஒருவர் கேட்டார். முழுப் பங்குதான் என்று குழு ஒரே குரலில் சொன்னது. என் வீட்டில் எல்க் இறைச்சிக்கு யாழ்ப்பாணத்துக் கறித்தூள் போட்டுத்தான் சமைப்போம். ரீச்சர் வரும் நாளில் மட்டும் உறைப்பைக் குறைப்போம்.

2016இல் நோர்ட்ஃபியெல்லா மலையின் காட்டுத் துருவமானிலும், நம் மாகாணத்துச் செல்பூவில் முதிர்ந்த பெண் எல்க்குகள் இரண்டிலும் மான்களின் உயிர்கொல்லி மூளைநோய் கண்டறியப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அதனால் மூளைத்தண்டும் நிணநீர் முடிச்சும் மாதிரியாக அனுப்புகிறோம். கீழ்த்தாடையையும் அனுப்புகிறோம், முன்பல்லை மெல்லியதாக அறுத்து உள்ளே இருக்கும் வளையங்களை எண்ணி விலங்கின் வயதைச் சொல்வார்கள். கத்தி பிடிப்பதில் இன்னும் நம் மூத்தவர்களை மிஞ்ச ஆள் இல்லை. இளையவர்கள் அருகில் நின்று பழக வேண்டும், இந்த ஆண்டு நின்றவர்கள் மிகக் குறைவு. வடநாட்டு ரயில் பாதையில் அடிபட்ட எல்க்குகளைத் தேடிச் சென்ற நாய்க்காரர்களுக்கும் நன்றி. பனி ஆழமான இரவுகளில் அது லேசான வேலை அல்ல.

வயது வரம்பு முன்மொழிவு வாக்கெடுப்பில் தோற்றது. ஆதரித்த பதினொருவரின் அச்சத்தையும் மதித்து, எந்த வயதினரும் தனியாகக் காட்டுக்குள் அமரக் கூடாது என்பதை நிலையான விதியாக்கியிருக்கிறோம். வரவு செலவை பொருளாளர் தனியே அனுப்புவார்.

சுடுபயிற்சி மே மாதத்திலிருந்து செவ்வாய்தோறும் மாலை 6 மணிக்கு. ரீச்சரை அழைத்து வருவது என் பொறுப்பு. கார் ஓட்டத் தயங்கும் இன்னும் மூன்று பேருக்கு ஆள் தேவை. முன்வருபவர்கள் ஏப்ரல் முடிவதற்குள் எனக்குச் சொல்லுங்கள்.

செயலாளர்