ஃபாலிரோ மணலில் 80 பேர்

அன்புள்ள சேக்காளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. கொஞ்ச நாளைக்குக் குனிந்து எதையும் தூக்காதே, தங்கச்சி சொல்வதைக் கேள். நான் இன்னும் கிரீஸில், ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில், மகள் வீட்டில்தான் இருக்கிறேன். பேரன் பள்ளிக்கூடம் போய்விட்டால் பகல் முழுக்க எனக்கு வேலை இல்லை. முழங்கால் விடுகிற மட்டும் நடக்கிறேன், வந்து படிக்கிறேன்.

இந்தத் துறைமுகத்துக்கு நீ கப்பலில் எத்தனையோ தடவை வந்திருப்பாய். இங்கிருந்து கிழக்கே, கரையை ஒட்டிப் போனால் ஃபாலிரோ வளைகுடா. அங்கே ஒரு குதிரைப் பந்தய மைதானம் இருந்தது. இப்போது அந்த இடத்தில் தேசிய நூலகமும் ஆப்பரா அரங்கமும் சேர்ந்த பெரிய வளாகம். நியார்கோஸ் பெயரில் உள்ள அறக்கட்டளை கட்டிக்கொடுத்தது. கப்பல் முதலாளி நியார்கோஸ் யார் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வளாகத்துக்காக நிலத்தைத் தோண்டியபோதுதான் சுடுகாடு வெளிப்பட்டது. 2012 முதல் 2016 வரை ஸ்டெல்லா கிரிசூலாகி என்ற தொல்லியல் அதிகாரியின் பொறுப்பில் தோண்டினார்கள். 1500க்கும் மேற்பட்ட புதைகுழிகள். காலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டிலிருந்து 5ஆம் நூற்றாண்டு வரை. பிரேயஸ் துறைமுகமாவதற்கு முன்பு ஏதென்ஸ்காரர்களின் கப்பல்கள் ஒதுங்கிய கரை ஃபாலிரோதான். தெமிஸ்டோக்ளீஸ் என்ற ஏதென்ஸ் தலைவன் வந்து பிரேயஸைக் கட்டத் தொடங்கிய பிறகு அதன் மவுசு குறைந்தது.

2016 ஏப்ரலில் வெளியான செய்தி உலகம் முழுக்கப் போனது. ஏறக்குறைய 80 ஆண்கள், வரிசை வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்தார்கள். 36 பேரின் கைகளில் இரும்பு விலங்கு. பெரும்பாலும் இளம் வயது, நல்ல பற்கள், திடமான எலும்புகள். பட்டினி கிடந்த அடிமைக் கூட்டம் மாதிரித் தெரியவில்லை. பக்கத்தில் கிடைத்த இரண்டு சின்ன மண் குடுவைகளை வைத்து கி.மு. 650க்கும் 625க்கும் இடைப்பட்ட காலம் என்று கணித்தார்கள்.

உடனே எல்லோரும் இவர்கள் கைலோனின் ஆட்கள்தான் என்று பிடித்துக்கொண்டார்கள். கைலோன் ஒலிம்பிக்கில் ஓடி ஜெயித்தவன், மெகாரா நகரத்துச் சர்வாதிகாரியின் மருமகன். கி.மு. 632 வாக்கில் ஆட்களைத் திரட்டி, ஏதென்ஸின் குன்றுக் கோட்டையான அக்ரோபோலிஸைப் பிடித்து, ஏதென்ஸுக்குத் தானே அதிபதியாகப் பார்த்தான். முற்றுகை இறுகியதும் அவன் தப்பிவிட்டான், ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். கோயிலில் அடைக்கலம் புகுந்தவர்களை, உயிருக்கு ஆபத்தில்லை என்று வாக்குக் கொடுத்து வெளியே வரவழைத்துக் கொன்றுவிட்டார்கள். கீழே இறங்கும்போது அவர்கள் அதீனா தேவியின் சிலையில் ஒரு நூலைக் கட்டி, அதைப் பிடித்தபடியே வந்தார்கள், வழியில் நூல் அறுந்தது என்று பிற்காலத்து கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். கொன்ற குடும்பத்துக்குச் சாபம் ஒட்டிக்கொண்டது. இருநூறு வருடம் கழித்து ஏதென்ஸின் தலைவன் பெரிக்ளீஸைக் குத்திக்காட்ட, எதிரி நகரமான ஸ்பார்டாக்காரர்கள் அதே சாபத்தைத்தான் எடுத்தார்கள், அவன் தாய்வழியில் அந்தக் குடும்பம் என்பதால்.

கதை அருமை. காலமும் கிட்டத்தட்ட ஒத்துவருகிறது. ஆனாலும் எனக்கு ஒட்டவில்லை. கைலோனின் ஆட்கள் பலிபீடங்களுக்குப் பக்கத்திலேயே, அவசரத்தில் வெட்டப்பட்டார்கள் என்றுதான் பழைய நூல்களில் இருக்கிறது. இங்கே கிடப்பவர்களுக்கு யாரோ நிதானமாக விலங்கு மாட்டி, கடற்கரைக்குக் கொண்டுவந்து, வரிசை பிடித்து முடித்திருக்கிறார்கள். அதோடு, இரண்டு குடுவைகள் ஒரு கால் நூற்றாண்டைக் காட்டுமே தவிர ஒரு வருடத்தைக் காட்டாது. அந்தக் கால் நூற்றாண்டில் ஏதென்ஸில் நடந்த கலகங்களில் நமக்கு எழுத்தில் கிடைத்தது இது ஒன்று, அவ்வளவுதான். இதே ஃபாலிரோவில் 1915லும் கழுத்திலும் கைகால்களிலும் இரும்பு வளையங்களோடு ஒரு கூட்டம் கிடைத்திருக்கிறது. அவர்களுக்கு ஒரு கைலோன் கிடைக்கவில்லை, ஆகவே அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அப்புறம், இந்த 80 பேரைப் பற்றிய பரபரப்பில் மீதி 1400 பேர் மறைந்துபோனதுதான் எனக்கு வருத்தம். பெரிய பங்கு பச்சைக் குழந்தைகளும் சிறுவர்களும். சரக்கு ஏற்றும் மண் ஜாடியின் பக்கவாட்டை வெட்டி, குழந்தையை உள்ளே கிடத்தி, மறுபடி மூடிப் புதைத்திருக்கிறார்கள். எண்ணெயும் ஒயினும் சுமந்த ஜாடிகள்! சிலரைச் சிதையில் எரித்திருக்கிறார்கள், சிலரைக் குப்புறப் போட்டுப் புதைத்திருக்கிறார்கள். குதிரைகளையும் புதைத்திருக்கிறார்கள்.

ஏதென்ஸ் நகருக்குள் கெராமெய்கோஸ் என்று இன்னொரு பழைய சுடுகாடு இருக்கிறது. மகள் கூட்டிப்போனாள். ஆமைகள் மேய்கிற அமைதியான இடம். அங்கே காசுள்ளவர்கள் கல்லில் பேசுகிறார்கள். அம்ஃபாரேட்டே என்ற பாட்டி பேரக்குழந்தையை மடியில் வைத்திருக்கும் சிற்பம் ஒன்று. உயிரோடு இருந்தபோது வெயிலைப் பார்த்தபடி மடியில் வைத்திருந்தேன், இப்போது செத்த குழந்தையைச் செத்த நான் வைத்திருக்கிறேன் என்று கீழே எழுதியிருக்கிறது. எனக்குத் தொண்டை அடைத்தது. பேரன் வேறு பக்கத்தில் நின்று ஐஸ்கிரீம் கேட்டுக்கொண்டிருந்தான். கி.மு. 403ல் செத்த ஸ்பார்டா வீரர்களின் கல்லறையும் அங்கே உண்டு. பழைய கிரேக்க வரலாற்றாசிரியன் செனோஃபோன் குறிப்பிட்ட அதே இடத்தில், அவன் சொன்ன தளபதிகளின் பெயர் கல்லிலேயே கிடைத்தது. ஏடும் மண்ணும் சேர்ந்து சாட்சி சொல்வது என்றால் அதுதான். கைலோன் விஷயத்தில் அப்படி ஒரு எழுத்துகூட இல்லை.

ஃபாலிரோவில் பெயர் கிடைக்காது, பல்தான் பேசவேண்டும். ஜேன் பைக்ஸ்ட்ரா என்ற அமெரிக்க எலும்பாய்வாளர் தலைமையில் ஒரு குழு இந்த எலும்புகளை ஆராய்கிறது. பல்லின் எனாமல் சின்ன வயதில் உருவானால் பிறகு மாறாது. அப்போது சாப்பிட்டதிலும் குடித்ததிலும் இருந்த ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமம் அதில் தங்கிவிடும், அதன் தன்மை மண்ணுக்கு மண் மாறும். அந்த மண்ணில் வளர்ந்தவனா, வெளியூர்க்காரனா என்று அதை வைத்துப் பிரிக்கலாம். விலங்கு மாட்டப்பட்டவர்கள் உள்ளூர் ஆட்களா என்பதை நான் புளூட்டார்க்கிடம் கேட்பதைவிட இவர்களிடம் கேட்கவே விரும்புகிறேன். பொறுமைதான் வேண்டும், எலும்பு வேலை வேகமாக நடக்காது.

சரி, உன்னிடம் ஒரு கேள்வி. அந்தச் சுடுகாட்டில் ஒருவரை மரப்படகுக்குள் வைத்துப் புதைத்திருக்கிறார்கள், படகே சவப்பெட்டி. கடல்காரனுக்கான மரியாதை என்று எழுதுகிறார்கள். எனக்கு வேறு சந்தேகம்: கடலுக்கு இனி லாயக்கில்லாத படகு கரையில் சும்மா கிடந்திருக்கும், மரத்துக்கோ விலை, எடுத்துக்கொண்டார்கள். குழந்தைக்குப் பழைய ஜாடி என்றால் பெரியவனுக்குப் பழைய படகு. ஓட்டைப் படகைக் கரைக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று உனக்குத்தான் தெரியும். கண்ணில் கட்டைப் பிரித்ததும் எழுது. கை வராவிட்டால் தங்கச்சியிடம் சொல்லி எழுது.

பொங்கலுக்கு முன் ஊர் வந்துவிடுவேன்.

உன் சேக்காளி